பென் டிரைவில் மாப்ளயின் கை

ஜெர்மனியில் ஒருவர் இருக்கிறார். இளமையில் ராக் குழுக்களில் டிரம்ஸ் அடித்துவிட்டு, பிறகு சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவிக்கு மாறியவர். அவருக்கு என்னைத் தெரியாது. அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சில வருடங்கள் அவரைச் சொந்தப் பங்காளி மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் வாயால் அவரைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. கேட்க ஆசைப்பட்டவர்கள் அதைவிடக் குறைவு.

நானும் டிரம்ஸ் அடித்துவிட்டு மாறியவன்தான். ராக் எல்லாம் இல்லை. கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழா. பகலில் உரக்கடையில் யூரியாவும் பொட்டாஷும் எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் ஜிகினா வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு மெல்லிசைக் குழுவின் டிரம்மர் ஆகிவிடுவேன். இரண்டு வேலையிலும் என்னிடமிருந்து ஒரே வாசனைதான் வரும் என்பது என் மனைவியின் கருத்து.

டிரம்ஸுக்கு நான் வந்த கதை பெருமைக்குரியது அல்ல. எனக்குப் பாட வராது. கீபோர்டுக்கு விரல் வராது. மேடையில் ஏற வேண்டும் என்ற ஆசை மட்டும் தாராளமாக வந்தது. இப்படிப்பட்டவர்களுக்காகவே யாரோ டிரம்ஸைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் தட்டுமுட்டுச் சாமான், நடுவில் ஆள். தப்பாக அடித்தால்கூட உற்சாகத்தில் அடித்தான் என்று ஜனம் நினைத்துக்கொள்ளும்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே ஒங்கள மேடையில பாத்திருக்கேன்” என்று மனைவி அடிக்கடி சொல்வாள். “அந்தப் பெரிய தட்டுக்குப் பின்னாடி ரெண்டு காது தெரிஞ்சிச்சு. அத நம்பித்தான் சம்மதிச்சேன்.”

என் இடது பக்கத்தில் எப்போதும் மாப்ள உட்கார்ந்திருப்பான். உறவு ஒன்றும் கிடையாது. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன், அவ்வளவுதான். ஊர் ரெட்டிபாளையம். சிமெண்ட் பேக்டரியில் மூட்டை பிடிக்கும் பக்கத்தில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து குளித்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவான். எவ்வளவு குளித்தாலும் புருவத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். மடியில் டோலக்கை வைத்து முதல் தட்டுத் தட்டியதும், சாப்பாட்டுக் கூடத்தில் பாதி இலையோடு இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு கை.

எங்களுக்கு நோட்டு, கணக்கு எதுவும் தெரியாது. பாட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் கண் ஜாடைதான். நான் தாளத்தைத் தவறவிடப் போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன் அவனுக்குத் தெரிந்துவிடும். இடது கையால் ஒரு அழுத்து அழுத்துவான். நான் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவேன். கீழே இருப்பவர்கள், “டிரம்ஸ்காரரு பிச்சு ஒதறிட்டாரு” என்பார்கள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வேன். அவன் ஒரு நாளும் சிரிக்கவில்லை. வேனில் திரும்பும்போது மட்டும், “மச்சான், இன்னைக்கி மூணு எடத்துல ஒன்னயத் தூக்கிவுட்டேன்” என்பான். நான், “ரெண்டுதான்” என்பேன். பெரம்பலூர் வரும்வரை இந்தப் பஞ்சாயத்து ஓடும்.

குழுவை நடத்திக்கொண்டிருந்த அண்ணனுக்கு முதுகுவலி வந்து, மகள் வீட்டோடு போய்விட்டார். குழு என் தலையில் இறங்கியது. அதுவரை நான் அடிக்கும் ஆள். அதற்குப் பிறகு யாரைக் கூப்பிடுவது, யாரைக் கூப்பிடாமல் விடுவது என்று முடிவு செய்யும் ஆள். இந்த மாற்றம் மனிதனை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சிம்பல் சத்தத்தில் கேட்டிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனிக்காரர் வந்து சேர்ந்தார். உரக்கடையில் ஒரு மதியம். ஆடி மாதம், மழை இல்லை, கடைக்கு ஒரு ஆள் வரவில்லை. போனில் டிரம்ஸ் வீடியோவாகப் பார்த்துக்கொண்டே போனதில் அது தானாக அவரிடம் கொண்டுபோய் விட்டது. நரைத்த தலை. முதலில் அவருடைய வாலிப காலத்துப் படங்கள்: நீள முடியோடு டிரம்ஸுக்குப் பின்னால். அப்புறம் ஒரு அறை. சுவர் முழுக்க திருகுகள், ஒயர்கள். ஒரு திருகைத் திருப்பினார். தாளம் ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கை கட்டல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்குமேல் பார்ப்பதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. இன்னொருவருடைய வாழ்க்கை வரலாற்றில் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டிரம்ஸ் செட்டைக் கொடுத்துவிட்டு ரிதம் பேட் வாங்கினேன். ஒன்பது ரப்பர் சதுரங்கள் உள்ள ஒரு பெட்டி. குச்சியால் தட்டினால் அதில் நாம் எந்தச் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறோமோ அது வரும். சில சதுரங்களில் முழுத் தாளத்தையும் ஏற்றி வைக்கலாம். ஒரு தட்டுத் தட்டிவிட்டால் நிறுத்தச் சொல்லும்வரை அதுவே சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு ஒரு கீபோர்டும் வந்தது. விரல் வராது என்றேன் அல்லவா, இந்தக் கீபோர்டில் விரலே வேண்டாம். ஒன்றை அழுத்தினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

“என்னாங்க இது, மோர்க் கொழம்புக்கு அடியில வைக்கிற பலகையாட்டம் இருக்கு” என்றாள் மனைவி.

“ஜெர்மனியில பெரிய டிரம்மரே இதுக்கு மாறிட்டாரு.”

“அவரு மாறட்டும். அவரு வூட்டுல எடமில்லாம இருந்திருக்கும்.”

பேடில் எல்லாச் சத்தமும் இருந்தது. டோலக்கும் இருந்தது. ஆனால் அந்த டோலக்கைக் கேட்டால் அட்டைப் பெட்டியில் யாரோ விரலால் கணக்குப் போடுவது போலிருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்ளயைக் கூப்பிட்டேன். பெரம்பலூரில் ஒரு செல்போன் ரிப்பேர்க் கடைக்கு மேலே இருந்த அறை. ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம்.

“எதுக்கு மச்சான் இதெல்லாம்?” என்றான்.

“ஒனக்கு ஷிப்ட் மாத்தி வுட்டுட்டா அன்னைக்கி நான் என்ன பண்ணுறது? அப்ப மட்டும் போட்டுக்கலாம்னுதான்.”

இதைச் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. பொய்யாக இருந்திருந்தால் திருட்டு என்று சொல்லி முடித்துவிடலாம்.

மதியத்திலிருந்து சாயங்காலம்வரை வாசித்தான். மெதுவான டூயட்டுக்கு ஒன்று, குத்துப் பாட்டுக்கு நாலு, பக்திப் பாட்டுக்கு இரண்டு, பாட்டு முடியும் இடத்தில் வைக்கும் தீர்மானங்கள், நடுவில் போடும் சின்னச் சின்ன உருட்டல்கள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது. நான், “போதும் மாப்ள, நல்லாருக்கு” என்றால், அவன், “இல்ல, அந்த மூணாவது சரியா வுழல. இன்னொருக்கா எடு” என்பான். மறுபடி வாசிப்பான். மேடையில்கூட அவன் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. என் முட்டாள் பெட்டிக்குக் குறை வந்துவிடக் கூடாது என்று தன் கையில் இருந்த மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்தான். கடைசியில் கைகளை உதறிவிட்டு, “இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல மச்சான். எல்லாத்தையும் வழிச்சிட்ட” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

முதல் தடவை அவனுக்கு உண்மையாகவே ஷிப்ட் மாட்டிக்கொண்டது. எறையூரில் ஒரு ரிசப்ஷன். பேடில் அவன் கையைப் போட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, பெட்டிக்குள் இருந்த மாப்ள கண்ணால் ஜாடை காட்டவில்லை. ஆனால் தாளம் தவறவே இல்லை. என்னால்கூட அதைத் தவறவிட முடியவில்லை. அடுத்த தடவை வேனில் இடமில்லை. அதற்கடுத்து, மேடை சின்னது, நாலு பேர் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அதற்கடுத்த தடவைக்கு என்ன காரணம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. காரணம் தேவைப்படாத இடத்துக்கு வந்திருப்பேன்.

எங்கள் தொழிலில் தேதி சொல்வது என்று ஒன்று உண்டு. நிகழ்ச்சி உறுதியானதும் குழுத் தலைவர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, ‘இன்ன தேதி, இன்ன ஊர்’ என்று சொல்ல வேண்டும். தேதி வராதவன் கேட்கலாம். ஆனால் மூன்று முறைக்குமேல் கேட்பது கௌரவக் குறைச்சல். மாப்ள மூன்று முறை கேட்டான்.

“தேதி ஏதும் இருக்கா மச்சான்?”

“சீசன் டல்லா இருக்கு மாப்ள.”

அது தை மாதம். பெரம்பலூரிலிருந்து அரியலூர்வரை ஒரு மண்டபம் காலி இல்லை. ரோடெல்லாம் வாழை மரம் கட்டியிருந்தார்கள். “அப்பிடியா” என்றான். அவனும் அதே ரோட்டில்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

அரியலூரில் ஒரு கல்யாணம். பேக்டரிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். பேக்டரிக்காரர்கள் கல்யாணத்துக்கு பேக்டரிக்காரர்கள் வருவார்கள் என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை. நாலாவது பாட்டு முடிந்து நிமிர்ந்தால், மேடைக்குப் பக்கத்தில் மாப்ள நிற்கிறான். வலது கை எச்சில் கையாக இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுடைய ஒலிபெருக்கி ஒன்று வைத்திருந்தோம். தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவன் கையை அவனே கேட்டிருக்கிறான்.

பாடகர் அடுத்த பாட்டுக்குக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார். மாப்ள கொஞ்சம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: “நல்லா வாசிச்சிருக்கேன்ல?”

நான் குனிந்து பேடின் ஒயரைச் சரி செய்தேன்.

“ரெண்டாவது பாட்டுல வேகத்த ஏத்திவுட்டுட்ட. அந்த வேகத்துக்கு என் கை போவாது மச்சான். கேக்குறவன் என்னயத்தான சொல்லுவான்?” என்றான். பிறகு, “பாட்டு முடிச்சிட்டு வா. கை களுவிட்டு வரேன்” என்று போனான்.

நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். பதில்களை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஜெர்மனிக்காரரைக்கூட வரவழைத்து வைத்திருந்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அத அழிச்சிரு மச்சான்.”

“சரி.”

“இப்பவே.”

அழித்தேன். அவன் பார்க்க ஒவ்வொன்றாக அழித்தேன். ‘அழிக்கவா’ என்று பெட்டி ஒவ்வொரு தடவையும் கேட்டது. ‘ஆம்’ என்று அமுக்கினேன். பதினொன்றும் போன பிறகு அவன் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டில்கூட ஒரு தாளம் இருந்தது.

வீட்டில் பீரோவுக்குள் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் எல்லாவற்றுக்கும் நகல் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. அந்த வாரமே பெட்டியில் திரும்ப ஏற்றிவிட்டேன். அட்டைப்பெட்டி டோலக்கோடு ஒரு நிகழ்ச்சி செய்து பார்த்தேன்; பாடகர் இடைவேளையில், “என்ன சார், தகர டப்பா மாதிரி இருக்கு” என்றார். அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஏற்றினேன். அரியலூர்ப் பக்கம் மட்டும் போடுவதில்லை என்று ஒரு நேர்மை வைத்திருந்தேன். திருட்டுக்கு நான் எல்லைக்கல் நட்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இப்படியே ஐந்தாறு வருடம். நடுவில் இரண்டு முறை பஸ்ஸில் பார்த்துக்கொண்டோம். “நல்லாருக்கியா, நல்லாருக்கேன்” என்பதோடு சரி. போன வருடம் ஆவணியில் ஒரு காலையில் அவனே வீட்டுக்கு வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. மகளுக்குக் கல்யாணம். அரியலூரில் மண்டபம்.

வாசிக்கிறவன் வீட்டு விசேஷம் என்றால் குழுவே போய்ச் சும்மா வாசித்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்குள் இது எழுதாத சட்டம். தேதி வராமல் போனவனுக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று யாரும் முடிவு செய்யவில்லை. அவன் கேட்கவும் இல்லை. நானே, “ரிசப்ஷனுக்கு நாங்க வந்துடுறோம் மாப்ள” என்றேன்.

அவன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். “வா. ஆனா ஒண்ணு. நான் வாசிக்கிறேன். நீ அந்தப் பொட்டி வேணாம், டிரம்ஸ் அடி. பழைய மாரி. எம்மவ நம்ம வாசிச்சுப் பாத்ததே இல்ல மச்சான். ஒரு தடவ கூட்டிட்டு வரணும்னு இருந்தேன், அதுக்குள்ள நின்னு போச்சு.”

நின்றுபோயிற்று என்றான். நிறுத்திவிட்டாய் என்று சொல்லவில்லை.

“அதுக்கென்ன” என்றேன். அவன் போன பிறகு மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. இவரு டிரம்ஸு அடிக்கப் போறாராம்.”

அரியலூரில் ஒரு சர்ச் பாட்டுக் குழுவிடமிருந்து டிரம்ஸ் செட்டை இரவல் வாங்கினேன். அதற்கு முன் பதினைந்து நாள் வீட்டில் தலையணைகளை வைத்துப் பழகினேன். கீழே காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு பதில் ஒரு யூரியா மூட்டை. எட்டு வருடமாகக் குச்சியால் ரப்பரைச் சொரிந்துகொண்டிருந்த உடம்புக்கு அது எதுவுமே பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “பஞ்சு அடிக்கிறீங்களா சார்? எங்க வூட்டு மெத்தையையும் குடுக்கவா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரிசப்ஷன் அன்று பேடையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். மணிச் சத்தம், கைத்தட்டல் சத்தம் இதற்கெல்லாம் வேண்டும் என்று பாடகரிடம் சொன்னேன். எனக்குள் சொல்லிக்கொண்டது வேறு. டிரம்ஸுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டாண்டில் வைத்தேன். மாப்ள அதைப் பார்த்தான். பட்டு வேட்டி, புதுச் சட்டை, புருவம்கூட அன்று கறுப்பாக இருந்தது. பெண்ணின் அப்பா மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மணப்பெண் நாற்காலியில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். போட்டோக்காரர் கெஞ்சியும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதில் இரண்டு இடத்தில் நான் தடுமாறினேன். அவன் இடது கையால் ஒரு அழுத்து அழுத்தித் தூக்கிவிட்டான். அத்தனை வருடத்துக்குப் பிறகும் என் தவறு எங்கே வரும் என்று அவனுக்கு மறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் நிறைய இருந்தது.

மூன்றாவது, ஒரு வேகமான குத்துப் பாட்டு. பாதியில் வலது காலில் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. கால் டிரம் நின்றது. பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பாடகர் திரும்பி முறைத்தார். மாப்ள டோலக்கிலேயே அதைத் தூக்க ஆரம்பித்திருந்தான். இன்னும் நாலு தட்டு நான் பொறுத்திருந்தால் அவன் தூக்கியிருப்பான். நான் பொறுக்கவில்லை. எட்டு வருடப் பழக்கம், என் இடது கை என்னைக் கேட்காமலே போய்ப் பேடின் மேல் மூலைச் சதுரத்தைத் தட்டிவிட்டது.

ஒலிபெருக்கியிலிருந்து மாப்ளயின் டோலக் வந்தது. அரியலூரில் அவன் கண்ணெதிரே நான் அழித்த டோலக்.

கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து ஓடின. உள்ளே இருந்தவன் ஈர முதுகோடு, விசிறி ஓடாத அறையில் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தான். வெளியே இருந்தவன் தன் மகளுக்காக வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு வெளியே இருந்தவன் இரண்டு கைகளையும் டோலக்கிலிருந்து தூக்கினான். சத்தம் நிற்கவில்லை.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “கைய எடுத்த பொறவும் வருது பாரு. பொண்ணோட அப்பா பெரிய ஆளுதான்யா.” யாரோ விசில் அடித்தார்கள். கைத்தட்டல் எழுந்தது. மாப்ள கைகளைக் கூப்பிக் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டான். டோலக்கைப் பக்கத்தில் படுக்க வைத்தான். என் பக்கம் பார்க்காமல், “பந்திய ஒரு பார்வ பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

நான் அப்போதாவது அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பாட்டு விழுந்துவிடும், அவன் மகள் ரிசப்ஷனில் பாட்டு விழக் கூடாது என்று ஒரு நியாயம் எனக்குக் கிடைத்தது. எனக்கு எப்போதும் நியாயம் கிடைத்துவிடும். மீதி ஆறு பாட்டையும் அப்படியே முடித்தேன். அவன் மேடைக்குத் திரும்பவில்லை. மணப்பெண் மெல்ல போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழு கடைசிப் பந்தியில்தான் சாப்பிடும். அவனே பரிமாறினான். “சாம்பார் வுடவா மச்சான்?” என்றான். “அப்பளம் வைக்கச் சொல்லவா?” என்றான். குரலில் ஒரு கீறல் இல்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்று நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த நாள் உரக்கடையில் அந்த ஜெர்மனிக்காரர் வீடியோவைத் தேடி எடுத்து மீதிப் பாதியைப் பார்த்தேன். இப்போதெல்லாம் டேட்டாவுக்குப் பஞ்சமில்லை. அறையில் தாளம் தானாக ஓடுகிறது. அவர் கை கட்டிக் கேட்கிறார். இதுவரை எனக்குத் தெரியும். அதன் பிறகு கேமரா கொஞ்சம் நகர்கிறது. மூலையில் டிரம்ஸ் செட் இருக்கிறது. அவர் போய் உட்கார்ந்து, அந்த ஓடுகிற தாளத்தோடு சேர்ந்து தன் கையால் அடிக்கிறார். ரொம்ப நேரம் அடிக்கிறார். மனுஷன் டிரம்ஸை விடவே இல்லை. விட்டிருந்தாலும் அவர் விட்டது அவருடைய குச்சியைத்தான். அடுத்தவன் கையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, அந்த அடுத்தவனை வீட்டுக்கு அனுப்பியவர் அல்ல அவர். டீக்கடையில் எத்தனை பேரிடம் அவரை என் ஆள் என்று சொல்லியிருக்கிறேன். ஜெர்மனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் எந்த விலாசத்துக்குப் போகும் என்று தெரியவில்லை. ரெட்டிபாளையம் விலாசம் தெரியும்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். பேடிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. என் ஒத்திகைகள் எப்போதும் நன்றாகத்தான் வரும்.

மாப்ள வேலைக்குப் போய்விட்டு வந்து, வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

“வா மச்சான். என்ன இவ்ளோ தூரம்? சொல்லிட்டு வந்திருந்தா எதாச்சும் வாங்கி வச்சிருப்பேன்.”

நான் பென் டிரைவை நீட்டினேன். “இந்தா.”

“என்ன இது?”

“ஒன் கை. எல்லாம் இதுலதான் இருக்கு. பேடுல அழிச்சிட்டேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அன்னைக்கும் அழிச்ச.”

“அன்னைக்கி இது வூட்டுல இருந்துச்சு மாப்ள. ஒங்கிட்டச் சொல்லல.”

அவன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான். விரல்களின் தடிமனுக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. “அப்ப இது அசலா, நகலா?”

“இப்ப இதுதான் அசலு.”

“நகலு?”

“இல்ல. சத்தியமா இல்ல.”

“சரி.”

“நம்பு மாப்ள.”

“நம்புறேன் மச்சான். அதுல என்ன?” என்றான். கடைக்காரர் ‘நேத்து வந்த சரக்குங்க’ என்று சொன்னால் நாம் தலையாட்டுவோமே, அது போல் இருந்தது. நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நிரூபிக்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை. அவன் கேட்டது எல்லாவற்றுக்கும் சரியான பதில் என்னிடம் இருந்த ஒரே நாள் அதுதான்.

கேட்டுப் பார்க்கலாம் என்று டிவியின் பின்னால் மாட்டினோம். ‘இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்று திரையில் வந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு மாட்டினேன். மறுபடியும் அதுவே. மூன்றாவது தடவை அவனே பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டான்.

“நீயே வச்சுக்க மச்சான். எனக்கு எதுக்கு? எங்கிட்ட இது இருக்குல்ல” என்று இரண்டு கைகளையும் காட்டினான். நகக் கண்ணில் சிமெண்ட் இருந்தது.

டீ வந்தது. குடித்தோம். மகள் மறுவீட்டுக்கு வந்துபோன கதையைச் சொன்னான். மருமகன் நல்ல பையன் என்றான். நான் மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் போயிருந்தேன். கேட்டால் அவன் ‘அட வுடு மச்சான்’ என்று சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வேறு வழியில் கேட்டேன்.

“பூலாம்பாடியில ஒரு தேதி இருக்கு மாப்ள. கோயில் திருவிழா. பொட்டி கெடையாது. ஒன்னோட டோலக்குதான். வரியா?”

காலி டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தான்.

“அன்னைக்கி முடியாதே மச்சான்” என்றான். “வேல இருக்கு.”

நான் இன்னும் தேதியைச் சொல்லியிருக்கவில்லை.

“பரவால்ல மாப்ள” என்று எழுந்தேன். பஸ் வரும்வரை கூடவே வந்து நின்றான்.